போக ஒன்றரை, வர மூன்றரை

பகாவு
10 மார்ச் 2007

வியோரிகா,

நான் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால் எழுதி லாம்பியின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை டூரின் வந்துவிடுவேன் என்றான். வழக்கம்போல பாலத்துக்குக் கீழே நிற்பான், போய் வாங்கிக்கொள். கூடவே ஒரு கோழியும் அனுப்பியிருக்கிறேன், நன்றாகப் புகைபோட்டது, கெடாது.

விஷயம் இதுதான். யாஷ் நகரத்திலிருந்து நம் இலின்கா வந்திருந்தாள். வந்த பெண் சும்மா இருக்காமல் கல்லூரிக் கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு தாளை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்த்தால் விமான டிக்கெட். என் பெயரில்! பெரிய வியாழன் அன்று நான் ஏறி, ஈஸ்டரை உன்னோடு கொண்டாடிவிட்டு வரவேண்டுமாம்.

"மூணு வருஷமா அம்மாதான் வந்து வந்து போறாங்க. நீ ஒரு தடவைகூடப் போகலை. கேட்டா தூரம்னு சொல்லுவே. இப்ப என்ன சொல்லப்போறே?" என்றாள்.

வேனில் இரண்டு நாள் உட்கார என் முதுகு தாங்காது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டரை மணி நேரத்துக்குமா முதுகு தாங்காது என்று இவள் கேட்கிறாள். டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த டிக்கெட்டில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. காலை பத்துக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. அதாவது ஒன்றரை மணி. திரும்பும்போது பன்னிரண்டுக்குக் கிளம்பி மூன்றரைக்கு வருமாம். அப்படியானால் மூன்றரை மணி. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றமா? எதிர்க்காற்றாக இருக்கும் என்கிறான் லாம்பி. விமானம் வந்ததிலிருந்து அவனுக்கு ஆள் குறைந்துவிட்டது, அந்த எரிச்சலில் எதுவும் சொல்வான்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சாம்பல் நிறக் கோட்டும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வருகிறேன். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதாக எழுதியிருந்தாயே. ஒரு நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று இதுவரை தொடவில்லை.

உன் அறையில் மலை தெரியும் ஜன்னல் இருக்கிறது என்பாயே, அதைப் பார்க்கவேண்டும். நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்த எர்னெஸ்தா அம்மாளுக்குத் தொந்தரவு வேண்டாம்.

நெகுலாய்


டூரின்
17 மார்ச் 2007

நெகுலாய்,

கோழி வந்தது. எர்னெஸ்தா அம்மாளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். எண்பத்தெட்டு வயதில் பல் இல்லாத வாயால் சப்பிச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, யார் சமைத்தது என்று நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் என் கணவர் என்று சொன்னேன். இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறாள், அதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

யோவ், தில்லுமுல்லும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. இங்கே கடிகாரம் நம் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே பத்து என்றால் இங்கே ஒன்பது. போகவும் இரண்டரைதான், வரவும் இரண்டரைதான். வீடு திரும்பும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தெரியும், பயந்துவிடாதே. அது உண்மையான நேரம் இல்லை.

இலின்காவுக்கு நல்ல மனசு. ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். ஈஸ்டர் சமயத்தில் இங்கே கொஞ்சம் சிரமம். வழக்கமாக வேறு வேறு நாளில் வரும் இவர்கள் ஈஸ்டரும் நம் ஈஸ்டரும் இந்த வருஷம் பார்த்து ஒரே ஞாயிறில் வருகிறது. அம்மாளின் மகன் குடும்பத்தோடு வருவாரோ என்னவோ. என் அறைக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. கோடையில் வந்தால் சௌகரியமாக இருக்கும். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கேள். முடியாது என்றால் வா, என்ன செய்வது. வராதே என்று நான் சொல்லவில்லை.

வருவதாக இருந்தால் நம் கொடித் திராட்சையில் செய்த ஒயின் ஒரு பாட்டில், ஈஸ்டருக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை, பண்டிகை ரொட்டி, அந்தக் கத்திரிக்காய்த் தொக்கு இரண்டு ஜாடி எடுத்து வா. பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பிவிடாதே, உடைத்துவிடுவார்கள். மடியில் வைத்துக்கொண்டு வா. லாம்பியின் வேனில் நான் அப்படித்தான் கொண்டுவருவேன். விமானமும் அதே மாதிரிதானே, கொஞ்சம் மேலே போகிறது, அவ்வளவுதான்.

வியோரிகா


பகாவு
9 ஏப்ரல் 2007

வியோரிகா,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்.

வியாழக்கிழமை இங்கே மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. விமானம் போகவில்லை. இனி அடுத்த முறை பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

ரொட்டியும் தொக்கும் லாம்பியிடம் கொடுத்திருக்கிறேன். ஒயின் கொட்டிவிட்டது. முட்டைகள் கொஞ்சம் அடிபட்டிருக்கும், உரித்துச் சாப்பிடு.

ஞாயிறு நீ போன் செய்தபோது நான் கோவிலில் இருந்தேன். அன்று மாலை அடித்தபோதும் வீட்டில் இல்லை. இனிமேல் எழுது, அதுதான் வசதி.

நெகுலாய்


டூரின்
14 ஏப்ரல் 2007

நெகுலாய்,

உண்மையாகவே உயிர்த்தெழுந்தார்.

மூடுபனி இல்லை. நான் விமான நிலையத்தில்தான் நின்றேன். மாடி வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக் கூத்தாடி அம்மாளுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, பத்தரைக்கே போய் நின்றுகொண்டிருந்தேன். விமானம் பதினொன்றரைக்கு ஒழுங்காக வந்து இறங்கியது. நம் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நீ வரவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீ மூடுபனி என்றாய், நானும் சரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

வந்தவர்களில் இரண்டு பெண்கள் என் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பேச்சு காதில் விழுந்ததும் என்ன சிரிப்பு என்று கேட்டேன். பகாவு விமான நிலையத்தில் சோதனை செய்யும் இடத்தில் நடந்த கூத்தைச் சொன்னார்கள். ஒரு ஆளைப் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றினாராம். பையில் இருந்த ஒயினையும் தொக்கையும் விமானத்தில் விடமாட்டோம் என்றார்களாம்.

"அந்தாளு ஒரு கையில பேண்ட்டைப் பிடிச்சிருக்கான், இன்னொரு கையில பாட்டிலைப் பிடிச்சிருக்கான். போலீஸ்காரன் விடுய்யா விடுய்யான்னு இழுக்குறான். கடைசில விட்டான் பாரு... பாட்டிலை இல்ல, பேண்ட்டை!"

நான் சிரித்தேன் நெகுலாய். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, இவனைக் கட்டியவள் என்ன பாடுபடுகிறாளோ என்று வேறு சொன்னேன். அப்போதுதான் இன்னொருத்தி சொன்னாள். சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தாராம். சிவப்பு முட்டைகள் தரையெல்லாம் உருண்டதாம். 'மடியில வெச்சுக் கொண்டுவரச் சொன்னா, மடியில வெச்சுக் கொண்டுவரச் சொன்னா' என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். யாருக்காகவும் இல்லை, ஒரு பார்சல் வரவேண்டும் என்று சொன்னேன்.

பெரிய வியாழன் அன்று உன்னை மறுதலித்துவிட்டேன். ஒரு சேவல் கூவாததுதான் குறை. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை என் முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வியோரிகா


பகாவு
21 ஏப்ரல் 2007

வியோரிகா,

ஆக, டூரின் வரைக்கும் போய்விட்டது. நான்தான் போகவில்லை, என் மானம் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீ சிரித்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. யாராக இருந்தாலும் சிரிப்பார்கள், நானாக இருந்தாலும் சிரிப்பேன். நீ எழுதியதை மூன்று தடவை படித்துவிட்டு இதைச் சொல்கிறேன். இல்லை, வருத்தம் இருக்கிறது. இருக்கட்டும்.

அந்தப் போலீஸ்காரன் யார் தெரியுமா? நம் பேப்பர் மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். மில் மூடியபோது என் தோளில் சாய்ந்து அழுதவன். அன்றைக்கு முட்டைகளைப் பொறுக்கி என் பையில் போட்டுவிட்டு, மெதுவாகக் காதுக்குள், "விடுங்க மேஸ்திரி, இதெல்லாம் சாதாரணம்" என்றான். அவன் அதட்டியிருந்தால்கூட நான் விமானம் ஏறியிருப்பேன். அவன் அப்படி மெதுவாகச் சொன்னதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இலின்காவுக்கும் மூடுபனி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நான் உன்னை ஒன்று கேட்கவேண்டும். இருபத்தாறு வருஷம் என் துணியைத் தைத்தவள் நீ, பிரித்தவளும் நீ. கண்ணை மூடிக்கொண்டு என் இடுப்பை அளப்பாய். கடை கடையாக ஏறி வாங்கினேன் என்று எழுதினாய். காலையில் அதைப் போட்டுப் பார்த்தேன், என்னைப்போல் இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். பெல்ட்டால் இழுத்துக் கட்டி, மேலே கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு கிளம்பினேன். நீ வாங்கிக் கொடுத்தது, போடாமல் வந்தால் உன் மனசு கஷ்டப்படும் என்றுதான் போட்டேன்.

யாருடைய இடுப்பை நினைத்து வாங்கினாய்?

அங்கே வேறு யாராவது இருந்தால் சொல்லிவிடு. சண்டை போட மாட்டேன். மூன்று வருஷமாக நீ சம்பாதித்து அனுப்புகிறாய், நான் தொக்குக் கிண்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தெரிந்தால் போதும்.

நெகுலாய்


டூரின்
29 ஏப்ரல் 2007

நெகுலாய்,

வேறு யாரும் இல்லை. ஆனால் நீ நினைத்ததும் முழுக்கத் தப்பில்லை. அது வேறொரு ஆளின் இடுப்புதான். அந்த ஆள் செத்துப்போய்விட்டார்.

எர்னெஸ்தா அம்மாளின் கணவர் பியெரோ. தடித்த மனிதர். போன அக்டோபரில் போனார் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? இரண்டு வாரம் கழித்து அவர் மகன் வந்து அலமாரியைக் காலி செய்து, எல்லாத் துணியையும் கறுப்புப் பைகளில் கட்டித் தெருவில் இருக்கும் பழந்துணிப் பெட்டியில் போடக் கிளம்பினார். அந்தக் கோட்டும் பேண்ட்டும் மேலே கிடந்தன. அசல் கம்பளி. நான் இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றார். செத்தவர் துணியைக் கொடுக்கும்போது நம் ஊரில் வைப்பதுபோல மெழுகுவர்த்தி இல்லை, ரொட்டி இல்லை, இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கினால் சொல்லவேண்டிய வார்த்தையையும் சொல்லவில்லை.

கோட்டின் தோளைப் பிடித்துச் சிறிதாக்கினேன். பேண்ட்டையும் பிடித்திருப்பேன். அன்றைக்கு வேன் கிளம்பிவிடும் என்று லாம்பி கத்திக்கொண்டிருந்தான், அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன். கடையில் வாங்கியது என்று ஏன் எழுதினேன் என்று கேட்காதே. செத்தவர் துணியைப் புருஷனுக்கு அனுப்புகிறாள் என்று நம் தெருவில் பேசுவார்கள். உனக்குப் புதிதாக வாங்கி அனுப்ப வக்கில்லாதவள் என்று நீ நினைப்பாய் என்று பயந்தேன்.

இதைச் சொன்ன பிறகு மற்றதையும் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அறை கிடையாது. மலை தெரியும் ஜன்னல் அம்மாளுடையது. நான் நடைவழியில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறேன், அவள் கூப்பிட்டால் உடனே கேட்கவேண்டும் என்பதற்காக. காலையில் மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவேன். வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று எழுதியதும் பொய்தான். நீ வந்து அந்தக் கட்டிலைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். வேனில் இரண்டு நாள் ஆகும் காலத்தில் நீ வரமாட்டாய் என்று தெரியும், அந்தத் தைரியத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதினேன். இப்போது காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து நின்றுவிடுவாய்.

விமான நிலையத்தில் நின்றபோது உனக்காக ஆசையாகத்தான் நின்றேன். ஆனால் கதவு மூடி நீ வரவில்லை என்று தெரிந்ததும், ஒரு கணம், அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

வியோரிகா


பகாவு
6 மே 2007

வியோரிகா,

படித்தேன். கோபம் இல்லை.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில். உன்னைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், அந்த வீட்டில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கண்ணால் பார்க்கவேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். முதுகுவலி எல்லாம் சும்மா.

ஆனால் ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது. ஒரு செத்த மனிதரின் கோட்டைக் கிறிஸ்துமஸிலிருந்து அலமாரியில் வைத்திருக்கிறேன், ஒரு முறை போட்டும் விட்டேன். அவர் ஆத்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, வாங்கியவர்கள் சொல்லி வாங்கவில்லை. பெயர் சொல்லிக் கொடுத்தால்தானே அந்தத் துணி மேலே அவருக்குப் போய்ச் சேரும். அந்த மனிதர் அங்கே மேலே துணியில்லாமல் நிற்கிறார் என்று அர்த்தம். விமான நிலையத்தில் எனக்கு நடந்தது நியாயம்தான் என்று படுகிறது.

பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை, நம் இறந்தவர்கள் நாள், அங்கே இருப்பேன். இந்த முறை நானே இலின்காவை டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அவர் பெயரில் தானம் கொடுக்க மண் குவளையும் மெழுகுவர்த்தியும் கொண்டுவருகிறேன், ஒயினை அங்கே வாங்கிக்கொள்ளலாம். கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாளின் முன்னால் நின்று முறையாகச் சொல்லிவிட்டு வரவேண்டும். பேண்ட் என்னுடையது.

விமான நிலையத்துக்கு வராதே. விலாசம் இருக்கிறது, நானே வருகிறேன்.

நெகுலாய்


டூரின்
3 ஜூன் 2007

நெகுலாய்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று இலின்கா சொன்னாள். நீ இருந்த இரண்டு நாளும் நாம் இருவரும் சரியாகப் பேசவே இல்லை. மடக்குக் கட்டிலைப் பார்த்தாய், அதன் ஒரு கால் ஆடுகிறது என்று ஆணி அடித்துக் கொடுத்தாய். அதனால்தான் நீ போன பிறகு எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். இதுதான் கடைசி, இனி என்னிடம் பொய் மிச்சம் இல்லை.

சனிக்கிழமை காலை நீ கோட்டைப் போட்டுக்கொண்டு, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாளின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாய். குவளையை அவள் கையில் கொடுத்து, இறந்தவர் பெயரைச் சொல்லி, கடவுள் ஏற்றுக்கொள்ளட்டும் என்றாய். அவள் உன் கோட்டைப் பார்த்தாள். கையைத் தடவினாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு நிறையப் பேசினாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. என்ன சொல்கிறார் என்று நீ என்னைக் கேட்டாய்.

வந்ததற்கு நன்றி, காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்கிறார் என்றேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. உன்னைப் பியெரோ என்று நினைத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நம் பேச்சில்:

"எங்கே போயிருந்தே இத்தனை நாளா? தினம் உனக்காக உட்கார்ந்திருக்கேன். நீ வரவே இல்லை. இது யார் வீடுன்னே எனக்குத் தெரியலை. இங்க எல்லாரும் நல்லவங்கதான், ஆனா நம்ம வீடு இல்லையே. நீ ஏன் என்னைக் கூப்பிடவே இல்லை? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. இப்பவாவது கூட்டிக்கிட்டுப் போயேன்."

ஐம்பது வருஷமாக அவள் வாழ்ந்த வீடு அது. அதில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னாள்.

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. வாய் திறந்தால் அது அவள் பேச்சாக வந்திருக்காது, என் பேச்சாக வந்திருக்கும். மூன்று வருஷமாக உன்னிடம் கேட்கவேண்டும் என்று நான் வைத்திருந்த ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கிழவி எடுத்துச் சொல்லிவிட்டாள். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் நீ முட்டி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'சரி, சரி' என்று தலையாட்டிக்கொண்டிருந்தாய். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று உனக்குத் தெரியாது. காபிக்கு என்று நினைத்திருப்பாய்.

நீ போகும்போது கோட்டை அவள் அறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அவள் காலையில் எழுந்ததும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், "அவர் சரின்னு சொல்லிட்டாரு" என்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ என்னை ஒரேயடியாகத் திரும்பி வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை. கேட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று நீ தலைகுனிந்து நிற்பாய், அதைப் பார்க்க எனக்கு மனசில்லை. அதனால் தூரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருவரும் இருந்துவிட்டோம்.

காபிக்காக இல்லாமல், அவள் சொன்ன வார்த்தைகளை நானே என் வாயால் உன்னிடம் சொல்லியிருந்தால், அப்போதும் தலையாட்டியிருப்பாயா? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். எழுதும்போதே கூசுகிறது. லாம்பி வந்துவிட்டான், கிழிப்பதற்குள் கொடுத்துவிடுகிறேன்.

வியோரிகா


பகாவு
10 ஜூன் 2007

வியோரிகா,

ஒருத்தர் காபி சாப்பிடச் சொல்லும்போது அழுவார்களா? அந்த அம்மாள் பேசியது எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, உண்மைதான். ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தபோது நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம். நீ சொல்வது வேறு, அவள் சொல்வது வேறு என்று தெரிந்துவிட்டது. என்ன கேட்கிறாள் என்பதும் கொஞ்சம் தெரிந்தது. நீ உள்ளே ஓடியதும் முழுக்கத் தெரிந்துவிட்டது.

காபிக்கு இல்லை நான் தலையாட்டியது.

அந்த இடத்திலேயே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சம்பாதிக்காதவன் எந்த வாயால் வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது என்று மூன்று வருஷமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த மடக்குக் கட்டிலைப் பார்த்த பிறகு, கூப்பிடாமல் இருந்ததுதான் பெரிய வெட்கம் என்று தெரிந்தது. திரும்பி வந்த மறுநாள், அந்தப் போலீஸ்காரனை, நம் பழைய மில் பையனை, போய்ப் பார்த்தேன், விமான நிலையத்தில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டி தூக்குகிற வேலை. கேட்கும்போது அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அங்கே பேசி முடித்துவிட்டு, முதல் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறான். பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொள்ளலாம், இலின்காவும் படித்து முடித்துவிடுவாள்.

அந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு வர உனக்கு மனசு வராது. எனக்கும் அதில் சம்மதம் இல்லை, அவளிடமும் நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். நல்ல ஆள் கிடைக்கும்வரை இரு. நடுவில் லீவு கிடைத்தால் வருகிறேன், கோட் அங்கேதான் தொங்குகிறது, போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அவளைத் தெருவரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவந்து, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொன்னால் ஒருவேளை நம்புவாள்.

ஆனால் நீ வா. வேனில் வேண்டாம், இரண்டு நாள் உட்கார்ந்து வர வேண்டாம். டிக்கெட்டில் மூன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும், பயந்துவிடாதே, இரண்டரைதான். நான் கீழே நிற்பேன், பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு. யாருக்காக நிற்கிறாய் என்று எவனாவது கேட்டால், என் பெண்டாட்டிக்காக என்று சொல்வேன்.

நெகுலாய்